கைமுதலைக் கறியாக்காதீர்கள்

ஒவ்வொரு பெருநாளுக்கும் முந்திய வாரத்தில் எங்கள் தெருவுக்குக் கோழி வியாபாரி வருவார். படலையில் நின்று அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பெரிய சாவல் ஏதும் கிடக்கா ராத்தா?" கூட்டிலுள்ள சேவல்களில் நெஞ்சு அகன்றது, எடை கூடியது எதுவோ அது அவரது கூடைக்குள் போய்விடும். அதற்கு அடுத்தது பெருநாளன்று வீட்டுச் சட்டிக்குள் போகும். மூன்றாவது, கொழும்பிலிருந்து வரும் மச்சானுக்கு விருந்தாகும். கடைசியில் முற்றத்தில் மிஞ்சுவது எவரும் விலை பேசாத, கால் மெலிந்த ஒரு சேவல். வரும் ஆண்டில் அந்த முற்றத்தில் பொரிக்கப்போகும் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் தகப்பன் அதுதான்.

இதை ஒருமுறை அடுத்த வீட்டு ராத்தாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சின்னத்த ஆரு தம்பி வாங்குவான்? பெரிசக் குடுத்தாத்தானே கைக்குக் காசு வரும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எமது ஊர்களில் கோழி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளையின் டியூஷன் காசு, மின்சாரக் கட்டணம், மருந்துச் செலவு என்று யாரிடமும் கை நீட்டாமல் சமாளிப்பதற்கு அந்தக் கோழிக் காசுதான் உதவுகிறது. அவசரத்துக்கு விற்பவரிடம் நீண்டகாலத் திட்டம் பேசுவது எளிதல்ல.

ஆயினும் வியாபாரக் கண்ணால் பார்த்தால் இங்கே நடப்பது என்ன? கடையில் விற்ற பொருளின் இலாபத்தில் வீட்டுச் செலவு செய்பவர் நிலைப்பார். கைமுதலை எடுத்துச் செலவு செய்பவர் கடையை மூடுவார். சிறந்த சேவலை ஆண்டுதோறும் விற்றும் அறுத்தும் தீர்ப்பது கைமுதலைச் செலவழிப்பதுதான். "ஊர்க்கோழி முன்னைப்போல எடை வைப்பதில்லை" என்ற முறைப்பாடு எல்லா ஊர்களிலும் கேட்கிறது. தீனியையும் காலத்தையும் குறை சொல்கிறோம். நல்லதை நாமே கழித்துக் கழித்து வந்திருக்கிறோம் என்பதைச் சொல்வதில்லை.

ஒரு கணக்கு

ஒரு முற்றத்தில் எட்டுப் பத்துக் கோழிகளுக்கு ஒரு சேவல் போதும். ஒவ்வொரு குஞ்சும் தனது உடல்வாகில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தகப்பனிடமிருந்தும் பெறுகிறது. ஆனால் ஒரு தாய்க்கோழி தான் ஈன்ற குஞ்சுகளுக்கு மட்டுமே தாய். சேவலோ முற்றத்திலுள்ள அத்தனை குஞ்சுகளுக்கும் தகப்பன். எனவே ஒரேயொரு பறவையைக் கவனமாகத் தெரிவு செய்வதன் மூலம் முழு மந்தையையும் மாற்றலாம் என்றால், அந்தப் பறவை சேவல்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 16 வாரத்தில் உங்கள் இளஞ்சேவல்களின் சராசரி எடை 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் சிறந்தது 1.6 கிலோ. வித்தியாசம் 400 கிராம். இந்த 400 கிராம் முழுவதும் இரத்தத்தில் வந்ததல்ல. நல்ல தாய், நல்ல இரை, அதிர்ஷ்டம் எல்லாம் அதில் அடக்கம். உடல் எடையைப் பொறுத்தவரை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரம்பரையாக வந்தது என்று கொள்வது மிகையான மதிப்பீடல்ல. அது சுமார் 130 கிராம். அதில் பாதி, அதாவது 65 கிராம், சராசரியாக ஒவ்வொரு குஞ்சுக்கும் போய்ச் சேரும்.

65 கிராம் என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். ஆண்டில் 60 குஞ்சுகள் தப்பி வளர்ந்தால் அது ஏறக்குறைய நான்கு கிலோ இறைச்சி. இதற்காக நீங்கள் இழந்தது என்ன? எப்படியும் ஒரு சேவலை வைத்திருக்கத்தான் வேண்டும். சராசரிச் சேவலுக்குப் பதிலாகச் சிறந்ததை வைத்தீர்கள். இழப்பு 400 கிராம் மட்டும். அதுவும் ஓராண்டு கழித்து அந்தச் சேவலை விற்கும்போது திரும்பி வந்துவிடும். 400 கிராமைப் பொறுத்துக்கொண்டு நான்கு கிலோ பெறும் வியாபாரம் எமது கடைத்தெருக்களில் வேறு எங்கே இருக்கிறது? அடுத்த ஆண்டு இந்த உயர்ந்த சராசரியிலிருந்தே மீண்டும் தெரிவு தொடங்கும். மெலிந்ததை வைத்துக்கொண்டால் இதே கணக்கு கீழ்நோக்கி ஓடும்.

தெரிவின் வலிமைக்கு உலகம் அறிந்த சான்று புரொய்லர் கோழிதான். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957ஆம் ஆண்டின் இறைச்சிக் கோழி வம்சத்தையும் 2005ஆம் ஆண்டின் வம்சத்தையும் ஒரே தீனி கொடுத்து வளர்த்து, முடிவை 2014இல் வெளியிட்டார்கள். 56 நாளில் பழையது 905 கிராம், புதியது 4.2 கிலோ. தீனி ஒன்றே என்பதால், வித்தியாசம் தலைமுறை தலைமுறையாக நடந்த தெரிவினால் வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரொய்லருக்கு அகன்ற நெஞ்சைக் கொடுத்த கோர்னிஷ் இனம், இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன அசில் சண்டைக்கோழியின் வழி வந்தது. எமது பக்கத்துச் சேவலின் நெஞ்சை அவர்கள் முதலாக்கினார்கள். நாம் கறியாக்கினோம்.

எப்படித் தெரிவு செய்வது?

முதலாவது, கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள். செம்மை மினுங்கும் இறகும் வளைந்த வாலும் சட்டியில் வேகாது. ஒரு தொங்கு தராசும் ஒரு துணிப்பையும் போதும்.

இரண்டாவது, ஒரே வயதுடையவற்றையே ஒப்பிடுங்கள். இரண்டு மாதம் மூத்தது பெரிதாகத்தான் இருக்கும், அது சிறப்பல்ல. ஒவ்வொரு அடையிலும் பொரித்த குஞ்சுகளுக்கு வேறு வேறு நிறத்தில் கால் வளையம் அல்லது நூல் கட்டி, பொரித்த திகதியைக் கலண்டரில் குறியுங்கள். கால் பருக்கப் பருக்க வளையத்தைத் தளர்த்த மறக்க வேண்டாம். எட்டு வாரத்தில் ஒருமுறை நிறுத்து, பின்தங்கியவற்றை விற்பனைக்கென ஒதுக்குங்கள். 16 வாரத்தில் மீண்டும் நிறுத்துக் கடைசி முடிவை எடுங்கள். விரைவாக எடை வைத்ததே எமக்கு வேண்டியது. ஒரு வருடம் தின்று பெருத்தது அல்ல.

மூன்றாவது, கையால் தடவிப் பாருங்கள். நெஞ்செலும்பு நேராகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். அதன் இருபுறமும் சதை நிரம்பியிருக்க வேண்டும். கத்தி முனைபோல் எலும்பு மட்டும் கையில் பட்டால் விட்டுவிடுங்கள். முதுகு அகன்று, இரண்டு கால்களுக்கும் இடையில் நல்ல இடைவெளி இருக்க வேண்டும். கால்கள் தடித்து, வளையாமல் நிற்க வேண்டும். நோய் கண்டு தேறியதையும், பிள்ளைகளைக் கொத்தும் சேவலையும் எடை எவ்வளவு இருந்தாலும் ஒதுக்குங்கள். குணமும் குஞ்சுக்குப் போகும்.

நான்காவது, தாயைப் பாருங்கள். நன்றாக அடை கிடந்து, பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்காமல் குஞ்சுகளை வளர்த்தெடுத்த கோழியின் மகனுக்கு முதலிடம் கொடுங்கள். எடையை மட்டுமே துரத்தினால் காலப்போக்கில் முட்டையும் அடையும் குறையக்கூடும். பத்துக் கிராம் கூடி பத்துக் குஞ்சு குறைந்தால் இலாபம் இல்லை.

கழுத்தில் இறகில்லாத கோழியை அழகில்லை என்று முதலில் விற்றுவிடுவோரும் உண்டு. அது நோயல்ல, பரம்பரையாக வரும் குணம். இறகு குறைவாக இருப்பதால் உடல் சூடு எளிதில் வெளியேறுகிறது. புத்தளம், மன்னார், மட்டக்களப்பு போன்ற வெப்பம் மிகுந்த பகுதிகளில் அது அனுகூலம். தராசில் முன்நின்றால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

குறுக்கு வழி

"இவ்வளவு பாடு எதற்கு? ஒரு புரொய்லர் சேவலை வாங்கி விட்டால் போகாதா?" என்று கேட்போர் இருக்கிறார்கள். புரொய்லர் குஞ்சு பல வம்சங்களைக் கலந்து, ஒரே தலைமுறையில் அறுப்பதற்கென்றே உருவாக்கப்படுவது. வயிறு நிறையத் தீனி கொடுத்து வளர்ந்த சேவலாகும்வரை வைத்திருந்தால் காலும் இதயமும் தாங்குவதில்லை. அப்படியே குஞ்சு கிடைத்தாலும், அது கிண்டிக் கிளறி இரை தேடுவதில் பின்தங்கி, விலை கொடுத்து வாங்கும் தீனியையே எதிர்பார்க்கும். 2021இன் இரசாயன உரத் தடைக்கும் 2022இன் பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு கோழித்தீனி விலை என்ன ஆனது என்பதை நாம் மறந்துவிடவில்லை. பண்ணைகள் மூடப்பட்ட அந்த நாட்களிலும் தவிட்டையும் குறுணலையும் குசினி மிச்சத்தையும் தின்று ஊர்க்கோழி முட்டையிட்டது. அந்தக் குணத்தை விற்று எடையை வாங்கக்கூடாது.

றோட் ஐலண்ட் றெட் போன்ற கனத்த இனத்துச் சேவலைச் சேர்ப்பது இதைவிடப் புத்தியான வழி. முதல் தலைமுறையில் எடை தெளிவாகக் கூடும். ஆனால் அதன் பிறகும் தராசைக் கைவிட்டால், சில தலைமுறையில் பழைய இடத்துக்கே வந்து சேர்வோம். வெளியிலிருந்து வரும் எந்தச் சேவலையும் மூன்று வாரமாவது தனியே அடைத்து வையுங்கள். ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து பற்றி உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஐந்து வருடத் தெரிவை அந்த நோய் ஒரு வாரத்தில் துடைத்துவிடும்.

வேலி தாண்டும் சேவல்

இவ்வளவையும் செய்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு கவனமாகத் தெரிவு செய்தாலும் அடுத்த வீட்டுச் சேவலுக்கு வேலி தெரியாது. அதுமட்டுமல்ல, ஒரே சேவலின் வம்சத்தை ஒரே முற்றத்தில் தொடர்ந்து வைத்திருந்தால் உடன்பிறப்புக் கலப்பினால் பொரிப்பும் வளர்ச்சியும் குறையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: தெருவாகச் சேர்வது.

மூன்று வீடுகள் போதும். முதல் வீட்டின் சிறந்த இளஞ்சேவல் இரண்டாம் வீட்டுக்கு. இரண்டாம் வீட்டினது மூன்றாம் வீட்டுக்கு. மூன்றாம் வீட்டினது முதல் வீட்டுக்கு. ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் சுற்றட்டும். பழைய சேவலை அகற்றிய பிறகு மூன்று வாரம் கழித்தே அடை முட்டை சேருங்கள். ஏனெனில் பழைய சேவலின் விந்து கோழியின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கியிருக்கும். மற்ற இளஞ்சேவல்களை உரிய வயதில் விற்றுவிடுங்கள். விற்கும்போது கண்மதிப்புக்கு அல்லாமல் கிலோக் கணக்கில் விலை பேசுங்கள். மூன்று வீட்டாரும் சேர்ந்து பேசினால் வியாபாரியும் தராசுக்கு இணங்குவார்.

சங்கம், கட்டடம், திறப்பு விழா எதுவும் இதற்குத் தேவையில்லை. தேவையானது ஒரு தராசும், ஒரு கலண்டரும், மூன்று வீட்டுப் பெண்களின் ஒரு வார்த்தையும். ஆண்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: விருந்தாளி வந்ததும் கூட்டைத் திறந்து பெரிய சேவலைப் பிடிக்குமுன், அதை வளர்த்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டாவது பெரிய சேவலிலும் விருந்து குறையாது.

அடுத்த பெருநாளுக்கு முன் உங்கள் கூட்டில் சிறந்த சேவலின் காலில் ஒரு வளையத்தை மாட்டிவிடுங்கள். வியாபாரி படலையில் வந்து நின்று அதைக் காட்டி விலை கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலையும் தயாராக வைத்திருங்கள்: "அது விக்கிறதுக்கில்ல தம்பி."