மிட்டாய்க்குக் காத்திருக்காத குழந்தை முன்னுக்கு வராதா? வளர்ச்சி ஆய்வுகள் சொல்லும் நிஜக் கதை!

"எதிர்வீட்டுப் பாப்பா பத்து மாசத்துலேயே நடந்துட்டா. உங்க பையன் இன்னும் தவழ்ந்துக்கிட்டே இருக்கானே?"

"சாக்லேட்டைக் கண்டா அஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டேங்கிறான். இவன் எப்படிப் படிச்சு முன்னுக்கு வரப்போறான்?"

"அம்பது வயசுக்கு மேல கம்ப்யூட்டர் கிளாஸா? இனிமே மண்டையில ஏறுமா?"

இந்த மூன்றில் ஒன்றையாவது நீங்கள் கேட்டிருப்பீர்கள், அல்லது சொல்லியிருப்பீர்கள். முன்பெல்லாம் இவை திண்ணைப் பேச்சோடு போய்விடும். இப்போதோ, 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் வருகின்றன. திண்ணைப் பேச்சுக்குப் பதில் பேசிவிடலாம். ஆய்வு என்று சொல்லிவிட்டால் வாயடைத்துப் போகிறோம்.

அந்த ஆய்வுகள் எப்படி நடந்தன, யாரிடம் நடந்தன என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். வாங்க, மூன்றையும் ஒரு கை பார்த்துவிடலாம்.

வளர்ச்சி எந்த வயதில் முடிகிறது?

கரு உருவாவதில் இருந்து முதுமை வரை மனிதர்களின் உடல், அறிவு, மனம், உறவுகள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதற்கு வாழ்நாள் வளர்ச்சி உளவியல் என்று பெயர். தொடக்க காலத்தில் இத்துறையினர் பெரும்பாலும் குழந்தைகளையும் பதின்பருவத்தினரையும்தான் கவனித்தார்கள். எரிக் எரிக்சன் 1950-ல் வெளியிட்ட புத்தகத்தில், பிறப்பு முதல் முதுமை வரை எட்டுக் கட்டங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் மனிதன் ஏதோ ஒரு சிக்கலைக் கடந்து வளர்கிறான் என்றார். அதில் மூன்று கட்டங்கள் இருபது வயதுக்குப் பிறகு வருபவை.

அதன்பின் வந்த ஜெர்மானிய உளவியலாளர் பால் பால்ட்ஸ், எந்த வயதிலும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு என்றார். குழந்தைப் பருவம் முழுக்க ஏறுமுகம், முதுமை முழுக்க இறங்குமுகம் என்று கணக்குப் போடக்கூடாது என்பது அவருடைய கட்சி. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

1. 'இன்னும் நடக்கலையா?'

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. எப்போது உட்காருகிறார்கள், எப்போது தவழ்கிறார்கள், எப்போது பிடிமானம் இல்லாமல் நடக்கிறார்கள் என்று குறித்துவைத்தார்கள்.

ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதத்தில் இருந்து 17.6 மாதம் வரை பரவியிருந்தது. கிட்டத்தட்ட ஒன்பது மாத இடைவெளி! பத்து மாதத்தில் நடந்த பாப்பாவும் பதினாறு மாதத்தில் நடந்த பையனும் ஒரே வரம்புக்குள்தான் வருகிறார்கள். இன்னொரு சுவாரஸ்யம், சுமார் 4 சதவிகிதக் குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. அந்தப் படியைத் தாண்டி நேராக அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

சராசரி என்பது வேறு, வரம்பு என்பது வேறு. 'குழந்தைகள் சராசரியாக 12 மாதத்தில் நடக்கும்' என்று படித்தால், 12 மாதம் ஒரு நாள் ஆனதும் வயிற்றில் புளி கரைய வேண்டியதில்லை. வரம்பு எதுவரை என்று கேளுங்கள்.

அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. 18 மாதமாகியும் குழந்தை நடக்கவில்லை என்றாலோ, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டாலோ, குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியில் இருந்துதான் வயதைக் கணக்கிட வேண்டும்.

2. மிட்டாய்ச் சோதனை

குழந்தை முன்னால் ஒரு சாக்லேட்டை வைத்துவிட்டு, "நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா இன்னொண்ணு தருவேன்" என்று சொல்லிவிட்டு அம்மா நகர்ந்து போவார். ஒளித்துவைத்த போன் வீடியோ எடுக்கும். இப்படி எத்தனை ரீல்ஸ் பார்த்திருப்போம்! பொறுத்திருந்த குழந்தைக்கு 'வருங்கால கலெக்டர்' என்று கமென்ட். டக்கென்று எடுத்து வாயில் போட்டுக்கொண்ட குழந்தைக்குச் சிரிப்பு எமோஜி.

இதன் மூலம், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பிங் நர்சரி பள்ளி. 1960-களின் பிற்பகுதியில் இருந்து 70-களின் தொடக்கம் வரை, வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் அங்கிருந்த 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இந்தச் சோதனைகளை நடத்தினார். மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாயால் இது பிரபலமாகிவிட்டது.

மிஷல் முதலில் தேடியது, எந்தக் குழந்தை ஜெயிக்கும் என்பதை அல்ல. குழந்தைகள் எந்த உத்தியைப் பயன்படுத்தி ஆசையை அடக்குகிறார்கள் என்பதைத்தான். மிட்டாயை மேகம் என்று கற்பனை செய்துகொள்ளச் சொன்னபோது குழந்தைகளால் அதிக நேரம் காத்திருக்க முடிந்தது. அதாவது, பொறுமையைச் சொல்லித்தர முடியும்.

பல ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளில் சிலரைத் தேடிப்பிடித்தார்கள். அதிக நேரம் காத்திருந்தவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்திருந்ததாக 1990-ல் ஒரு கட்டுரை வந்தது. மிட்டாய்ச் சோதனை உலகப்புகழ் பெற்றது அதன் பிறகுதான். ஆனால், மதிப்பெண் விவரம் கிடைத்தது 100 பேருக்கும் குறைவானவர்களிடம் இருந்தே. அவர்களும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழ்ந்த, படித்த, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள்.

2018-ல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனன் குவான் மூவரும் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை எடுத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டார்கள். இதில் கல்லூரிப் படிப்பை முடிக்காத அம்மாக்களின் பிள்ளைகள் நிறைய பேர் இருந்தார்கள். காத்திருந்த நேரத்துக்கும் பதினைந்து வயதில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால், பழைய ஆய்வில் சொன்னதில் பாதி அளவுதான். குடும்பப் பின்னணி, வீட்டுச்சூழல், குழந்தையின் ஆரம்பகாலத் திறன் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. 2020-ல், அதே பிங் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுச் சொச்சம் பேரை அவர்களின் நாற்பதுகளின் நடுவில் பார்த்தபோது, சிறுவயதில் மிட்டாய்க்குக் காத்திருந்ததை மட்டும் வைத்து அவர்களின் சேமிப்பையோ வசதியையோ கணிக்க முடியவில்லை.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருகின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. பொறுமைக்கும் மதிப்பெண்ணுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒன்று, அந்தக் குழந்தை வளர்ந்த வீடு, நின்றுகொண்டிருக்கலாம்.

வாக்கு கொடுத்தால் காப்பாற்றுகிறோமா?

என்னைக் கேட்டால், இந்த வரிசையில் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது 2013-ல் வெளியான, அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த சிறிய ஆய்வைத்தான். மூன்று முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட 28 குழந்தைகள். மிட்டாய்ச் சோதனைக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு ஓவிய வேலை கொடுத்தார்கள். "கொஞ்சம் பொறு, நல்ல கலர் பென்சில் கொண்டுவர்றேன்" என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போவார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிக் குழந்தைகளிடம், "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்று வெறும் கையோடு வந்தார்.

பிறகு மிட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம்!

28 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் இது ஒரு கேள்வியை நம் பக்கம் திருப்புகிறது. "இப்ப அழாம வா, சாயங்காலம் பார்க்குக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு எத்தனை சாயங்காலம் போகாமல் இருந்திருக்கிறோம்? வரும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், கையில் இருப்பதை உடனே தின்றுவிடும் குழந்தை புத்திசாலித்தனமான முடிவைத்தானே எடுக்கிறது?

3. 'இனிமே மண்டையில ஏறுமா?'

இருபது வயதுக்காரர்களையும் அறுபது வயதுக்காரர்களையும் ஒரே நாளில் உட்காரவைத்துப் பரீட்சை வைத்தால் யார் அதிக மதிப்பெண் எடுப்பார்கள்? பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள். இதைப் பார்த்து, இளமை போனதும் அறிவு சரியத் தொடங்குகிறது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள்.

இப்படி வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் ஒப்பிடுவதற்குக் குறுக்குவெட்டு ஆய்வு என்று பெயர். பள்ளி ஆண்டுவிழாவில் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் நிற்கவைத்து எடுக்கும் குரூப் போட்டோ மாதிரி. சீக்கிரம் முடிந்துவிடும், செலவும் குறைவு. ஆனால், அந்த அறுபது வயதுக்காரர் இருபது வயதில் எப்படி இருந்தார் என்று போட்டோவில் தெரியாது. அவர் காலத்தில் பள்ளிக்கூடம் எத்தனை மைல் தூரத்தில் இருந்தது, எத்தனை வருடம் படிக்கவைத்தார்கள் என்பதும் தெரியாது. நாம் வயதின் குறை என்று நினைப்பது, அவர் பிறந்த காலத்தின் குறையாக இருக்கலாம்.

இன்னொரு முறை, அதே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்வது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் குழந்தையைச் சுவரோரம் நிற்கவைத்துப் பென்சிலால் உயரம் குறிப்போமே, அப்படி. நம்ம வேலூரிலும் இது நடந்திருக்கிறது. 1969-ல் இருந்து 1973 வரை வேலூரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எடை, உயரத்தை சி.எம்.சி. மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அவர்கள் பெரியவர்களான பிறகு தேடிச்சென்று, குழந்தைப்பருவ வளர்ச்சிக்கும் சர்க்கரைநோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார்கள்.

அறிவு விஷயத்தில் இந்த இரண்டு முறைகளையும் கலந்துகட்டியவர் வார்னர் ஷாய். 1956-ல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இருபதுகள் முதல் அறுபதுகள் வரையிலான 500 பேருக்குச் சோதனை வைத்தார். ஏழாண்டுக்கு ஒருமுறை அவர்களைத் திரும்ப அழைத்தார். ஒவ்வொரு முறையும் புதிய ஆட்களையும் சேர்த்தார். காரணம், தொடர் ஆய்விலும் ஓட்டை உண்டு. உடம்புக்கு முடியாதவர்கள் நடுவில் விலகிவிட, நன்றாக இருப்பவர்கள் மட்டும் மிஞ்சினால் முடிவு அழகாகத்தான் தெரியும்.

அவர் கண்டது என்ன? வேகம் சம்பந்தப்பட்ட திறன் இளமை தாண்டியதுமே குறையத் தொடங்குவது உண்மை. ஆனால், சொல்வளம், தர்க்கமாக யோசிப்பது போன்றவை நடுவயதில் உச்சத்துக்குப் போகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அறுபதை நெருங்கும் வரை பெரிய சரிவே இல்லை. 64 வயதைத் தாண்டிய 229 பேருக்கு ஷாயும் ஷெரி வில்லிஸும் ஐந்தே ஐந்து மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் முன்னேறினார்கள். திறன் குறைந்திருந்தவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேர், 14 ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலைக்கே திரும்பினார்கள்.

ஆக, ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகும் அம்மாவுக்கு நேரம் கொஞ்சம் அதிகம் தேவைப்படலாம். 'மண்டையில ஏறாது' என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஃபார்வேர்டு செய்யும் முன்...

'ஆய்வு சொல்கிறது' என்று அடுத்த மெசேஜ் வந்தால் இந்த நான்கையும் கேட்டுப்பாருங்கள்.

* எத்தனை பேரிடம், எப்படிப்பட்ட குடும்பங்களில் நடந்த ஆய்வு?

* ஒரே நாளில் எடுத்த குரூப் போட்டோவா, பல வருடச் சுவர்க்கோடா?

* ஒன்றால் மற்றது நடந்ததா, இரண்டும் சேர்ந்து மட்டும் வந்தனவா?

* சராசரியைச் சொல்கிறார்களா, வரம்பையும் சொல்கிறார்களா?

பதில் இல்லை என்றால், அந்த மெசேஜை வைத்து உங்கள் வீட்டுக் குழந்தையையோ பெரியவரையோ எடை போடாதீர்கள்.

நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னால் சாக்லேட்டை வைத்து வீடியோ எடுப்பதற்குப் பதில், நேற்று சொன்ன பார்க்குக்கு இன்று சாயங்காலம் கூட்டிப்போங்கள். கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ந்த அம்மாவிடம், "இன்னிக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேளுங்கள். பாஸ்வேர்டை மூன்றாவது தடவை கேட்டால், மூன்றாவது தடவையும் சொல்லிக்கொடுங்கள். நமக்கு 'அ' எழுத அவர் எத்தனை தடவை கைப்பிடித்தார் என்று எந்த ஆய்வாளரும் குறித்துவைக்கவில்லை!