எங்களுக்காக மறைக்க வேண்டாம்

2025 ஓகஸ்டில் கெஹெல்பத்தர பத்மே உள்ளிட்ட பாதாள உலகச் சந்தேகநபர்களை, இந்தோனேசியப் பொலிஸாரின் உதவியோடு ஜகார்த்தாவில் பிடித்து நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாராட்ட வேண்டிய வேலைதான். கடல் வழியாக வரும் ஹெரோயினையும் ஐஸையும் ஓர் ஊர் மக்களால் தடுக்க முடியாது. அதற்காகவே 1973 முதல் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம் இயங்குகிறது. சட்டமும் கடுமையானது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கலாம்.

ஆனால் பொலிஸால் மட்டும் முடியாத வேலை ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதத்தில் 29,000க்கும் மேற்பட்டோர் கைதானதாகச் சொன்ன ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள், கட்டாயப் புனர்வாழ்வு நிலையங்களை மூடி, விரும்பி வருவோருக்கான சேவைகளை ஏற்படுத்துமாறு கேட்டார்கள். விரும்பி வருவதற்கு நம் வீடுகள் விடுகின்றனவா?

பலாங்கொடை போன்ற சிறிய ஊரில் யார் யாருடைய பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நானாவின் பழக்கம் வெளியே தெரியக் கூடாது என்று வீட்டார் மூடி மறைக்கிறார்கள். கேட்டால், "தங்கச்சிக்குக் கலியாணம் பேசணும்" என்பார்கள். இந்த மௌனத்தால் இலாபம் அடைபவன் விற்பவன்தான். வாங்கக் காசில்லாதவனை அவன் கடனாளியாக்குவான். பிறகு தன் சரக்கை விற்கவும் அனுப்புவான். நேற்று நோயாளியாக இருந்தவன் இன்று குற்றவாளி. பொலிஸ் கதவைத் தட்டும் நாளில் மறைத்த மானமும் போகும், மகனும் போவான்.

பெற்றோரின் பயம் பொய்யல்ல. ஊர் வாய் பேசத்தான் செய்கிறது. ஆகவே மாற வேண்டியது அந்தக் குடும்பம் மட்டுமல்ல, நாமும்தான். ஒரு பிள்ளை சிகிச்சைக்குப் போனால் அதைக் கதையாக்காமல் இருக்க நம் மஹல்லாவால் முடியாதா? போதை ஹராம். அதில் விழுந்தவரை வைத்தியரிடம் அழைத்துப் போவது ஹராம் அல்லவே!

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். கண்டி, காலி, தலங்கம ஆகிய இடங்களில் அதன் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. ஊரில் சொல்லத் தயங்குபவர்கள் அங்கே போகலாம்.

வாப்பாமாரே, உம்மாமாரே! உங்கள் மகள்களின் பெயரைச் சொல்லி உங்கள் மகன்களின் நோயை மறைக்காதீர்கள். நானா குணமாகப் போனார் என்பதற்காக எங்களை வேண்டாம் என்று சொல்லும் வீடு எங்களுக்கும் வேண்டாம். எங்களுக்கு நானா வேண்டும்.