பெரியவர்களுக்கு ஒரு விளையாட்டு மாலை

"எங்கள் குடியிருப்பில் முதியோர் தினம் கொண்டாடப் போகிறோம். அறுபதைத் தாண்டியவர்கள் இருபது பேர் இருக்கிறார்கள். மியூசிக்கல் சேரும், எலுமிச்சம்பழம் - ஸ்பூன் ஓட்டமும் முடிவாகிவிட்டன. வேறு என்ன வைக்கலாம்?" என்று ஒரகடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கோபித்துக் கொள்ளாதீர்கள், சகோதரி. முடிவான இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள்! எழுபது வயதில் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டு விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். விழாவிட்டாலும் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. முதல் சுற்றிலேயே "அவுட்" ஆனவர் மாலை முழுவதும் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் அதைத்தானே தினமும் செய்கிறார்கள்!

நானும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கம்பெனிகள். வேலைக்கு வந்த பிள்ளைகள் கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, "அம்மா, நீ வந்து பார்த்துக்கோ" என்று ஊரிலிருந்து அழைத்துக்கொண்டார்கள். திண்ணையும் தெருவுமாக இருந்தவர்களுக்கு இப்போது இரண்டு அறையும் ஒரு பால்கனியும்.

எங்கள் மாடியில் தென்காசிப் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார். "பொழுது எப்படிம்மா போகுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல! மவன் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படுத்திருப்பான். டி.வி. போடக் கூடாது, மிக்ஸி ஓட்டக் கூடாது. பூனை மாதிரி நடக்கேன். பேசி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியல" என்றார்.

மகன்மேல் அவருக்கு வருத்தமில்லை. ராத்திரி முழுக்க நின்று உழைத்தவன் தூங்கத்தானே வேண்டும்? ஆனால் அந்த மௌனம் இருக்கிறதே, அது பெரியவர்களை உள்ளுக்குள் அரித்துவிடும். ஆகவே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது "இதில் அவர்கள் வாய் திறப்பார்களா?" என்று முதலில் பாருங்கள்.

எந்த நாள்?

அக்டோபர் 1-ஐ முதியோர் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 1990-ல் அறிவித்தது. 1991 முதல் கொண்டாடி வருகிறார்கள். நீங்கள் ஒருநாள் தள்ளி, அக்டோபர் 2 அன்று வையுங்களேன். காந்தி ஜெயந்தி தேசிய விடுமுறை. பெரும்பாலான பிள்ளைகளும் மருமகள்களும் வீட்டில் இருப்பார்கள். மாலை நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறுக்குள் முடியுங்கள். இருட்டில் படி ஏற வேண்டாம்.

என்ன விளையாட்டு?

*பல்லாங்குழி:* பதினாலு குழி, கை நிறையப் புளியங்கொட்டை அல்லது சோழி. விரல் மூட்டு பிடித்துக்கொண்டவர்களுக்கு எடுப்பதும் போடுவதுமே நல்ல பயிற்சி. தரையில் வைக்காமல் மேஜைமேல் வையுங்கள். குன்றிமணி மட்டும் வேண்டாம். அதன் விதை விஷம், பேரக்குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் பசு என்று எடுப்பது பல ஊர் வழக்கம். மற்றபடி ஊருக்கு ஊர் சட்டம் மாறும். "எங்க ஊர்ல இப்படி இல்லையே!" என்று ஒருவர் ஆரம்பிப்பார். தடுக்காதீர்கள், அந்தச் சண்டைதான் ருசி! ஆந்திராவிலிருந்து வந்த பாட்டி இருந்தால் "வாமன குண்டலு" என்பார். கன்னடத்துக்காரர் "அளிகுளி மணெ" என்பார். பாஷை தெரியாவிட்டாலும் கை பேசிக்கொள்ளும்.

*தாயம்:* தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால் எல்லோரும் கட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பித்தளைக் கட்டை டைல்ஸ் தரையில் விழுந்தால் இரண்டு வீட்டுக்குக் கேட்கும்! கீழே கனமான ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். கட்டத்தைப் பெரிதாக, வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடாகப் போட்டால் கண்புரை உள்ளவர்களுக்கும் தெரியும்.

*ஆடு புலி ஆட்டம்:* மூன்று புலி, பதினைந்து ஆடு. "நமக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று ஒதுங்கும் தாத்தாக்களுக்கு இது. கோயில் மண்டபத்தில் ஆடிய கை சும்மா இருக்காது.

*வாசனைப் பெட்டி:* சின்ன டப்பாக்களில் ஓமம், சுக்கு, வெந்தயம், பெருங்காயம், பட்டை. மூடியில் ஓட்டை போட்டு, முகர்ந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பார்வை மங்கியவர்கள்கூட ஜெயிக்கலாம். பெயரைச் சொல்லிவிட்டு, அதை வைத்து என்ன கைமருந்து செய்வார்கள் என்றும் சொன்னால் கூடுதலாக ஒரு மார்க்.

*பலூன் தட்டுதல்:* வட்டமாக உட்கார்ந்தபடியே பலூனைக் கீழே விழாமல் தட்ட வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலியாக இருக்கட்டும். எழுந்து தட்டினால் கணக்கில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். விளையாட்டைச் சொல்லித் தருவது பெரியவர்களாகவே இருக்கட்டும். தென்காசி அம்மாவிடம் பல்லாங்குழியைக் கொடுத்து, "நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்கம்மா" என்றேன். கால் மணியில் குரல் உயர்ந்துவிட்டது! "ஏய், எண்ணிப் பார்க்காத, கையால தூக்கிப் பாரு!" என்று பேரன் வயசுப் பையனை அதட்டுகிறார். நைட் ஷிப்ட் மகன் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு இவ்வளவு பேச்சு வரும் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

உடம்பு விஷயம்

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு நேரத்துக்கு ஆகாரம் வேண்டும். உப்பு குறைத்த சுண்டல் தயாராக இருக்கட்டும். பரிசு வழங்கிய பிறகு தரலாம் என்று தள்ளாதீர்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீரையும் மோரையும் டாக்டர் சொன்ன அளவோடு குடிக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து எழச் சொல்லுங்கள். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், அதன் தரை ஈரமாக இருக்கக் கூடாது. காது மந்தமானவரை அறிவிப்பவருக்கு எதிரே உட்கார வையுங்கள்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சில வருஷங்கள் கவனித்து, 2003-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். படிப்பது, பலகை விளையாட்டு, வாத்தியம், நடனம் இவற்றில் ஈடுபட்டவர்களுக்கு முதுமை மறதி நோய் குறைவாகவே வந்திருந்தது. விளையாட்டே நோயைத் தடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நோய் தொடங்கியவர்கள் முன்பே விளையாட்டை விட்டிருக்கலாமே! ஆனாலும் ஆடிப் பார்ப்பதில் நஷ்டம் என்ன?

பரிசும் பூவும்

இனிப்புப் பெட்டி வேண்டாம். ராத்திரி பாத்ரூம் போக ஒரு சின்ன டார்ச், வழுக்காத மிதியடி, எவர்சில்வர் டம்ளர் இவையெல்லாம் உபயோகப்படும். பூவும் குங்குமமும் தட்டில் வைத்து வரும்போது, கணவரை இழந்தவர் என்று யாரையாவது தாண்டிப் போய்விடாதீர்கள். தட்டை எல்லோரிடமும் நீட்டுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். அன்று முழுக்கச் சிரித்த முகம் அந்த ஒரு நொடியில் வாடிவிடக் கூடாது.

விழா முடிந்ததும் பலகைகளைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள். செவ்வாய், வெள்ளி மாலை நாலு மணிக்குக் கீழ்த்தளத்தில் ஒரு மேஜை, நாலு நாற்காலி போட்டால் போதும். மேலே பிள்ளை நிம்மதியாகத் தூங்குவான். கீழே அம்மா சத்தமாகவே பேசலாம். யார் அந்த மேஜையை எடுத்துப் போடுவது என்பதை மட்டும் விழா நாளிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், சகோதரி. உங்கள் குடியிருப்பில் பல்லாங்குழிச் சட்டம் எந்த ஊருடையது ஜெயித்தது என்று மறக்காமல் எழுதுங்கள்!