ஒரே விளையாட்டுக்கு இரண்டு பூட்டு

ஒவ்வொரு கணினி விளையாட்டு நிறுவனமும், விளையாட்டைத் திறக்கத் தன் சொந்த லாஞ்சர் மென்பொருளைக் கட்டாயமாக்குவது போட்டியை வளர்க்கும், நம் கணக்கைக் காக்கும், ஒருமுறை லாகின் செய்துவிட்டால் தொல்லை இல்லை என்று வாதிடுகிறார் நண்பர் ஒருவர். மூன்றும் தவறு.

முதலில் போட்டி. ஸ்டீம், எபிக், ஜி.ஓ.ஜி எனக் கடைகள் பல இருப்பதுதான் போட்டி. விலை பார்த்து வாங்கலாம். எபிக், ஜி.ஓ.ஜி விளையாட்டுகளை ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் ஓட்ட உதவும் ஹீரோயிக் என்ற கட்டற்ற மென்பொருளை நான் கொண்டாடுகிறேன். நண்பர் வக்காலத்து வாங்குவதோ வேறொன்றுக்கு. யூபிசாஃப்ட் விளையாட்டை ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கிய பிறகும், யூபிசாஃப்ட் கனெக்ட் என்ற அதன் லாஞ்சர் தனிக்கணக்கு கேட்கிறது. அதனால் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. நெல்லை ஜங்ஷனில் டிக்கெட் எடுத்து ரயிலேறியவரைப் பெட்டி வாசலில் இன்னொருவர் மறித்துப் பெயரும் முகவரியும் கேட்டால், அதற்குப் பெயர் போட்டியா?

அடுத்தது பாதுகாப்பு. 2021 நவம்பரில் ராக்ஸ்டார் லாஞ்சர் ஒரு நாளுக்கும் மேல் முடங்கியது. ஜி.டி.ஏ விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கணினியில் அவற்றைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அதற்கு முன், 2020 ஜனவரியில் ஜி.டி.ஏ 4 ஸ்டீம் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கைவிட்ட கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் சேவையோடு அது பிணைக்கப்பட்டிருந்ததால், புதிய சாவிகளை உருவாக்க வழியில்லை. 2024 மே மாதம் கணினியில் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட ப்ளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்றது சோனி. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் பின்வாங்கியது. அந்தச் சேவையே இல்லாத இலங்கையில், யாழ்ப்பாணத்து இளைஞர் எந்தக் கணக்கைத் தொடங்கியிருப்பார்? இவற்றில் யாருடைய பாதுகாப்பு காக்கப்பட்டது என்று நண்பர் சொல்லட்டும்.

மூன்றாவது, அந்த 'ஒரு லாகின்'. கீபோர்டுக்கும் மவுஸுக்கும் என வடிவமைத்த லாஞ்சர் ஜன்னல், கையடக்கக் கருவியின் ஏழு அங்குலத் திரையில் எறும்பெழுத்தாகச் சுருங்குகிறது. லாஞ்சர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டால், ஸ்டீம் டெக்கின் லினக்ஸில் அதை ஓட்டும் ப்ரோட்டான் மென்பொருளோடு முரண்பட்டு நேற்று ஓடிய விளையாட்டு இன்று நின்றுபோகலாம். கையடக்கக் கருவியை வாங்குவதே பயணத்துக்காகத்தான். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க சிக்னல் வந்து வந்து போகும். பாபநாசம் தாண்டி மலையேறினால் அதுவும் இல்லை. தனியாள் விளையாட்டுக்கு அங்கே இணையச் சரிபார்ப்பு கேட்பது, வாங்கியவரின் உரிமையைப் பறிப்பது.

லாஞ்சர் இல்லாவிட்டால் நிறுவனங்கள் பிழைக்காது என்பதும் பொய். பெதெஸ்டா 2022 மே மாதம் தன் லாஞ்சரை மூடி, வாங்கியவர்களின் விளையாட்டுகளை ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழிவிட்டது. அந்த நிறுவனம் இன்றும் நன்றாகவே நடக்கிறது.

வேற்றுக் கணக்கு தேவை என்று ஸ்டீம் பக்கத்தில் போடும் அறிவிப்பு போதாது. லாஞ்சர் வேண்டுமா வேண்டாமா என்று வாங்குபவர் முடிவு செய்ய வேண்டும். தனியாள் விளையாட்டு அது இல்லாமலே திறக்க வேண்டும். இதை மறுப்பவர் விளையாடுபவரின் பக்கம் நிற்கவில்லை.