நாடிழந்தோரும் நூதனசாலையும்

குடியேறியோர் என்பதும் நாடிழந்தோர் என்பதும் ஒருபொருட் சொற்கள் அல்ல. முன்னவர் நல்வாழ்வு நாடிச் சென்றவர். பின்னவர் வாழ்ந்த இடத்தில் வாழ இயலாது நீங்கியவர். முன்னவர் கண் வருங்காலத்தை நோக்கும்; பின்னவர் கண்ணோ விட்டுவந்த வாயிலையே நோக்கி நிற்கும். இவ்விரு திறத்தார் வரலாற்றையும் ஒரு கூரையின்கீழ் வைத்துக் காட்டுகின்றது, ஐக்கிய அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள சுதந்திரக் கோபுரம்.

1925 இல் ஒரு செய்திப் பத்திரிகையின் பணிமனையாக எழுந்தது இக்கோபுரம். 1962 முதல் 1974 வரை கியூப அகதிகளைப் பதிவுசெய்து உதவியளிக்கும் நிலையமாக விளங்கிற்று. நூற்றாண்டு நிறைவுற்ற 2025 இல், செப்பனிடப்பட்டுப் புதிய காட்சிகளோடு மீளத் திறக்கப்பட்டது.

1959 இல் கியூபாவிலே புரட்சி வென்றபின் வெளியேறியோர் யாவரும் ஒருபடித்தானவர் அல்லர். முதற்கண் வந்தோருள் செல்வரும் மருத்துவரும் வழக்கறிஞரும் பலர். 1960 முதல் 1962 வரை 14,000 இற்கு மேற்பட்ட சிறுவர் பெற்றோரின்றித் தனியே அனுப்பப்பட்டனர். 1980 இல் மாரியல் துறைமுகம் வழியாக ஏறக்குறைய 1,25,000 பேர் வந்தனர். 1994 இல் கட்டுமரமொத்த மிதவைகளிலே கடலிற் புகுந்தோர் 30,000 இற்கு மேற்பட்டோர்.

இத்தகைய காட்சிகளில் வெற்றி பெற்றோரே முன்னிற்றல் இயல்பு. வணிகம், மருத்துவம், இசை, பத்திரிகை ஆகிய துறைகளிற் கியூபர் மயாமியை வளப்படுத்தினர் என்பது மெய்யே. ஆயினும், அவர் தந்த பயனே அவர்க்குப் புகலளித்தமைக்கு நியாயம் என்று கொள்வோமாயின், அடைக்கலம் அறமாகாது, வாணிகமாகிவிடும்.

மாரியல் வழி வந்தோரைக் கியூப அரசு கழிவென இகழ்ந்தது. அவருட் சிலர் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்பதால், புகுந்த நாட்டிலும் அனைவர்மீதும் ஐயம் படர்ந்தது. அக்கூட்டத்தில் ஒருவராகவே, தாய்நாட்டிற் சிறையிருந்த நாவலாசிரியர் ரெயினால்டோ அரெனாஸ் கரையேறினார். அன்று அவரது தகுதியை அளக்கக் கோல் எவரிடம் இருந்தது? இனி, எழுத்தே அறியாத ஒருவர் அவரருகே நின்றிருப்பினும், அவர்க்கும் அக்கரை வேண்டியதன்றோ?

மற்றொன்றும் நோக்கற்பாலது. 1966 இல் இயற்றப்பட்ட சட்டம் கியூபர்க்கு நிரந்தர வதிவிடம் பெற வழி வகுத்தது. அதே கடல்வழி வந்த ஹெயிட்டி மக்களையோ, 1981 முதல் அமெரிக்கக் காவற்கப்பல்கள் இடைமறித்துத் திருப்பின. கடல் ஒன்றே, நீதி இரண்டாயிற்று. கியூபாவிற் பொதுவுடைமை ஆட்சி நிலவியதும், அதனோடு அமெரிக்கா பகைத்ததும் இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணமாம்.

ஆதலின், நாடிழந்தோரைப் பற்றிய காட்சியைக் காணும் மாணாக்கர், “இவர் எமக்கு என்ன தந்தார்?” என்று வினவுமுன், “இவர் எதனை இழந்தார்? அன்று கதவு திறந்தவர் யார்? திறவாது விடப்பட்டவர் யார்?” என வினவப் பழகுதல் வேண்டும். அவ்வினாக்களை எழுப்பும் நூதனசாலையே வரலாறு கற்பிப்பதாகும். ஏனையவை புகழ்மாலை சூட்டும் மண்டபங்களே.