தறிக்காரருக்கு நாற்காலி எங்கே?

சேத்துப்பட்டில் கூலிக்குப் பட்டு நெய்யும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பாவும் ஜரிகையும் கொடுப்பவர் முதலாளி. நெய்த சேலையை விரித்துப் பார்த்துக் குறை சொல்பவரும் அவர்தான், கூலியில் பிடிப்பவரும் அவர்தான். இதில் நியாயம் கிடைக்காது என்று தெரிந்துகொள்ள யாரும் சட்டம் படிக்க வேண்டியதில்லை. இதையே டெல்லியில் செய்தால் அதற்குப் பெயர் 'நிபுணர் குழு'.

இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி 2009-ல் அங்கிருந்து விலகி ஆதார் ஆணையத்தின் தலைவரானார். அரசின் பெரிய கணினித் திட்டங்களை நடத்தத் தனியார் கம்பெனி வடிவில் அமைப்புகள் வேண்டும் என்று 2011-ல் அவர் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. 2013-ல் ஜிஎஸ்டிக்கு அப்படியொரு கம்பெனி வந்தது. அப்போது 51 விழுக்காடு பங்கு அரசு சாராத நிதி நிறுவனங்களிடம் இருந்தது. 2015-ல் அதன் மென்பொருள் ஒப்பந்தம் இன்ஃபோசிஸுக்குப் போனது. 2017-ல் நிலேகணி அந்நிறுவனத்தின் தலைவராகத் திரும்பினார். டெண்டர் போட்டுத்தானே கொடுத்தார்கள் என்பார்கள். இருக்கட்டும். யாருடைய நேர்மையையும் நான் இங்கே சந்தேகிக்கவில்லை. விதி எழுதும் அறைக்கும் அந்த விதியால் லாபம் வரும் அறைக்கும் நடுவே கதவே இல்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

அடுத்த கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆள் அடையாளம் நீக்கப்பட்ட தரவுகள் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்ய 2019-ல் ஒன்றிய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் கிரிஸ் கோபாலகிருஷ்ணன், அவரும் இன்ஃபோசிஸ் நிறுவனர்தான். மென்பொருள் முதலாளிகள் சங்கமான நாஸ்காமின் தலைவரும் உறுப்பினர். குடிமைச் சமூகத்திலிருந்து ஒருவர் இருந்தார், மறைக்க வேண்டியதில்லை. தரவு ஒரு 'சமூகத்துக்கு'ச் சொந்தமாகலாம், அதைக் காக்க ஓர் அறங்காவலர் இருப்பார் என்று 2020 ஜூலையில் அறிக்கை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் வேறு, சேரி வேறு என்று இருக்கும் நாட்டில் எது சமூகம்? நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு 35.22 லட்சம் தொழிலாளர்களைப் பதிவு செய்தது. அவர்களின் தரவுக்கு அறங்காவலர் யார்? கூலியில் பிடித்த அதே முதலாளியா? ஊர்ப் பெரியவரா? சாதியை ஒருநாளும் தன் முதுகில் சுமக்காதவர்கள் எழுதினால் 'சமூகம்' என்ற சொல் இவ்வளவு வழவழப்பாகத்தான் வரும். அந்த அறிக்கை சட்டமாகவில்லை. ஆனால் குழு அமைக்கும் பழக்கம் மாறவில்லை.

அதே 2020 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. நெசவாளர் தரப்பு ஒன்றிய அரசிடம் நேரடியாகப் பேச இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். தேசியக் கைத்தறி தினத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. சொன்ன காரணம், அரசைச் சிக்கனமாக்குவது. கம்பெனிக்காரர் உட்கார நாற்காலி உண்டு, தறிக்காரர் உட்கார்ந்தால் மட்டும் செலவா?

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள்தானே விதி எழுத முடியும் என்று சில தோழர்களே கேட்கிறார்கள். 'தகுதி, திறமை' என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராக நூறாண்டாக ஓதும் அதே மந்திரம்தான் இது. தெரிந்தவர் வரட்டும், சாட்சி சொல்லட்டும், கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்து போகட்டும். வழக்கில் தொடர்புள்ளவர் நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது. ஐஏஎஸ் அதிகாரி ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போக அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். கம்பெனியிலிருந்து குழுவுக்கு வருபவரிடம் அந்த ஓராண்டைக் கேட்பது யார்?

அடுத்த குழுவை அறிவிக்கும் நாளில், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தக் கம்பெனியில் எவ்வளவு பங்கு என்று எழுதச் சொல்லி மனுப் போடுங்கள். தறிக்காரர், தூய்மைப் பணியாளர், உணவு டெலிவரி செய்பவர் பெயர்கள் எந்த வரியில் இருக்கின்றன என்றும் அதே மனுவில் கேளுங்கள்.