பால் சொசைட்டிக்கு, வரக்காப்பி நமக்கா?

 

ரத்தசோகை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இரும்புச்சத்துதான். "முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். நிறையப் பேருக்கு இரும்புச்சத்துக் குறைவால்தான் ரத்தசோகை வருகிறது. ஆனால் எல்லோருக்கும் அதுவே காரணம் இல்லை. வைட்டமின் குறைந்தாலும் ரத்தசோகை வரும். இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை, பட்டு எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் மருத்துவக் குழு வந்து விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். எனக்கு ஹீமோகுளோபின் 8.4. நம் வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். சத்தியமாக ஒரு நாள் கூட விடாமல் போட்டேன். திரும்பப் பார்த்தபோது 8.7தான். "மாத்திரையை வேப்பமரத்தடியில வீசிட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகை என் பெஞ்சில் இருப்பவளுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு கால் பாதம் எறும்பு ஊர்வது போல மரத்துப் போனது. நாக்கு சிவந்து எரிந்தது, கொஞ்சம் காரம் கூட ஆகாது. படித்தது எல்லாம் மறந்து போனது. அம்மா பயந்துபோய் டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, "உன் சிவப்பணு எல்லாம் பெரிசு பெரிசா இருக்கு" என்றார்கள். இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துப் போகுமாம். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் சரியாகப் பிரிய முடியாமல் பெருத்துப் போகுமாம். எனக்குக் குறைந்தது வைட்டமின் பி12.

டாக்டரம்மா கேட்டார்கள், "வீட்ல பால் குடிப்பியா?"

நான் சொன்னேன், "எங்க வீட்ல ரெண்டு மாடு இருக்குங்க. பால் எல்லாம் சொசைட்டிக்கு ஊத்திருவோம். நாங்க வரக்காப்பிதான்."

"ஸ்கூல்ல முட்டை போடுறாங்களே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் என்று உங்களில் பல பேருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் இருந்தே நான் சத்துணவு வரிசையில் நிற்பதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றால் சிரிப்பார்களே என்று வெட்கம். ரசம் சோறும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டேன். கறி எடுப்பது தீபாவளி, பொங்கலுக்குத்தான்.

பி12 கீரையில் கிடையாது, காயில் கிடையாது, அரிசியில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் இருக்கிறது. அதனால் எத்தனை கட்டு முருங்கைக்கீரை தின்றாலும் என் ரத்தம் ஏறியிருக்காது. நமக்கு வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல மாத்திரையில் இரும்புச்சத்து 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம் இருக்கிறது. பி12 அதில் இல்லை. அதற்காக மாத்திரையைப் போடாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அதுவும் வேண்டும், சாப்பாடும் வேண்டும் என்கிறேன்.

எங்கள் அறிவியல் டீச்சரிடம் இதைச் சொன்னபோது ஒரு கதை சொன்னார்கள். லூசி வில்ஸ் என்று ஒரு இங்கிலாந்து டாக்டர். 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி மில்லில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கடுமையான ரத்தசோகை. அவர்களுக்கும் சிவப்பணு பெரிதாகத்தான் இருந்தது. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று லூசி வில்ஸ் கவனித்துப் பார்த்தார். கடைசியில் ஈஸ்டில் இருந்து எடுத்த விலை மலிவான சாற்றைக் கொடுத்தார், குணமாகிவிட்டது! 1931-இல் அதை எழுதி வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது. 1941-இல் அதைப் பசலை போன்ற ஒரு கீரையில் இருந்து பிரித்து எடுத்தார்கள். லத்தீன் மொழியில் 'ஃபோலியம்' என்றால் இலை. அதுதான் பெயர்க் காரணம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று. அந்த டாக்டர் நோயாளிப் பெண்களைத் திட்டவில்லை, "என்ன சாப்பிடுறே?" என்று கேட்டார். என்னையும் ஒருவர் முதலிலேயே அப்படிக் கேட்டிருந்தால் ஒரு வருஷம் வீணாகி இருக்காது.

2019-21-இல் நாடு முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அப்படியென்றால் ஒரு பெஞ்சில் உட்காருகிற ஐந்து பேரில் மூன்று பேர்! எல்லோருக்கும் ஒரே காரணம் இருக்குமா?

எங்கள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பால் காசில்தான் மாட்டு லோன் கட்டுகிறோம், நான் எழுதுகிற நோட்டும் அதில்தான் வருகிறது. அம்மாவும் வரக்காப்பிதான் குடிக்கிறார்கள். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 8 லிட்டர் கறக்கிறோம். ஒரு டம்ளர் 200 மில்லி. 8 லிட்டரில் 40 டம்ளர். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று எடுத்தாலும் 38 டம்ளர் சொசைட்டிக்குப் போகும். இந்தக் கணக்கை அப்பாவிடம் நோட்டில் எழுதியே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு டம்ளர் எடுத்து வச்சுட்டு ஊத்துங்க" என்றார்.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

தோழிகளே, மாடு இருக்கிற வீட்டில் ஒரு டம்ளர் பாலைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். மாடு இல்லாதவர்கள் சத்துணவு முட்டையை விடாதீர்கள். முட்டை சாப்பிடாதவர்கள் தயிரோ மோரோ சேர்த்துக்கொள்ளுங்கள். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஃபோலிக் அமிலம் அதோடு போய்விடும். சோறு தின்ற உடனே டீ, காப்பி வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. அதற்குப் பதில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடியுங்கள். அதில் உள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தைச் சேர வைக்கும்.

தோழர்களே, வரிசையில் நிற்கிற பெண்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்கள் சிரிப்பால் ஒருத்திக்கு ரத்தம் குறையும்.

ஆசிரியப் பெருமக்களே, காலையில் வெறும் வயிற்றோடு வருபவர்கள் நிறையப் பேர். நீல மாத்திரையை மதியம் சாப்பிட்ட பிறகு கொடுத்தால் குமட்டாது, யாரும் வீச மாட்டார்கள். மாத்திரை போட்டும் ஒருத்திக்கு ரத்தம் ஏறவில்லை என்றால், அவளைத் திட்டாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

பி12 ஊசி போட்டு, பால் முட்டை சாப்பிட்டு, இப்போது எனக்கு 11.6 வந்திருக்கிறது. கால் மரத்துப் போவதும் நின்றுவிட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள். திங்கட்கிழமை மதியம் நான் தட்டோடு வரிசையில் நிற்பேன். என்னோடு யார் யார் நிற்கப் போகிறீர்கள்?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி